யானை எந்தப் புத்தகத்தில் வருகிறது?

கொலைக் கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. கொலை நடந்த வீட்டில் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. பெரியவர் நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். மூத்த மகன், இளைய மகன், மருமகன், தோட்டக்காரன் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, துப்பறிவாளர் கேட்கும் கேள்விகளுக்கு நாள்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் ஷிப்ட் கிடையாது. லீவு சொல்லி ஒருவரும் போன் செய்வதில்லை. துப்பறிவாளரோ அத்தியாயத்துக்கு ஒரு காபி குடிக்கிறார். அதை யார் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் புத்தகம் சொல்லாது. செத்தவர் கடைசியாகக் குடித்ததும் காபிதான் என்பதால், நான் அந்தச் சமையல்காரம்மாவைத்தான் கடைசிவரை சந்தேகப்பட்டேன். அந்த அம்மா புத்தகத்தில் வரவே இல்லை. கொன்றவன் மருமகனாம். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

நான் படித்தது ஐந்தாவது வரை. வேகமாகப் படிக்க வராது. உதடு அசையாமல் படிக்கவும் வராது. அதில் ஒரு லாபம் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துபோகிற புத்தகம் எனக்கு மாதம் முழுக்க வரும்.

அந்த வருடம் நான் ஒரே சமயத்தில் மூன்று புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மேலே சொன்ன கொலை சாப்பாட்டுப் பையில் இருந்தது. வீட்டில் ஒரு தடித்த குடும்பக் கதை. அதில் ஒரு மாமியார், ஒரு மருமகள். மாமியாரின் அட்டிகை காணாமல் போகிறது, பழி மருமகள்மேல் விழுகிறது. மருமகள் பக்கத்துக்குப் பக்கம் அழுகிறாள். அழுதுகொண்டே காலை ஆறு மணிக்குள் குளித்து, கோலம் போட்டு, நாலு வகைச் சமையலும் முடித்துவிடுகிறாள். இதை நான் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க தெருவுல தண்ணி லாரி எப்ப வருது?"

"அதெல்லாம் எழுதல."

"எழுதமாட்டாங்க. எழுதினா கதை நடக்காது."

அதன் பிறகு அந்தப் புத்தகத்தில் எங்கே தண்ணீர் என்று வந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மருமகள் கிணற்றடியில் நின்று அழுகிற இடம் மிக உருக்கமானது. அங்கேயும் சிரித்துவிட்டேன்.

மூன்றாவது, காட்டைப் பற்றி ஒருவர் எழுதியது. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் யானையை மலை என்கிறார், மேகம் என்கிறார், தவம் செய்கிற முனிவர் என்கிறார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கம்பெனி பஸ் உத்தனப்பள்ளியிலிருந்து சானமாவு காட்டைத் தாண்டித்தான் ஓசூருக்கு வரவேண்டும். யானை ரோட்டைக் கடந்தால் அன்றைக்கு முழு ஷிப்டும் லேட். அது கடந்துபோன பிறகு டிரைவர் பஸ்ஸை எதன்மேலும் ஏற்றிவிடாமல் வளைத்து வளைத்து ஓட்டுவதை எத்தனையோ காலையில் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்தாளரின் யானை புத்தகம் முழுக்க நடக்கிறது, தின்கிறது, யோசிக்கிறது. ஒரு இடத்தில்கூடச் சாணி போடவில்லை. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு அந்தப் புத்தகத்தில் இருந்த பெரிய மர்மம்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். பஸ்ஸில் என் பக்கத்து சீட். சானமாவு காட்டுக்கு முன்னால் வரும் ஒரு கிராமத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்திலும் தெலுங்கு. தமிழும் கன்னடமும் வாயில் தாராளமாக வரும், தமிழ் எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. கம்பெனியில் நான் இரும்பு வார்ப்புகளில் பிசிறு தேய்க்கிறவன், அவன் அவற்றைப் பெட்டியில் அடுக்குகிறவன். என்னைவிடப் பத்து வயது சிறியவன், என்னைவிடப் பத்து மடங்கு சத்தம். எனக்கு நாலு பேர் சேர்ந்து நின்றாலே விக்கல் வரும். பஸ் சத்தத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும் கேட்கும்படி பேச முடிந்தது.

ஏறி உட்கார்ந்ததும், "ஊம், சொல்லுண்ணா" என்பான். சொல்வேன். காடு வந்ததும் காற்று குளிரும், அவன் தூங்கிவிடுவான். சிப்காட் வளைவில் பஸ் குலுங்கும்போது விழித்து, தூங்கவே தூங்காதவன் மாதிரி, "அப்புறம்?" என்பான். அதற்குள் என் மனசு கொலையை விட்டு மாமியாரிடமோ யானையிடமோ போயிருக்கும். அங்கிருந்தே சொல்வேன். "தம்பி, இது வேற புத்தகம்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "சரி சரி, அப்புறம்?" என்பான். பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

நான் புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தது ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த வாடகை நூல் நிலையத்தில். அந்த வருடம் ஒரு நாள் போனால், அங்கே செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள். புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார் பழைய முதலாளி. "உங்க கைல மூணு இருக்குது இல்ல? நீங்களே வச்சுக்கோங்க" என்றார். துக்க வீட்டில் வெற்றிலை கொடுத்து அனுப்பியது போல இருந்தது. மூன்றையும் முடித்துவிட்டால் எனக்கு வேறு புத்தகம் கிடையாது. புதிதாக வாங்குவது என் சம்பளத்தில் நடக்காது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி கேன்டீனில் ஒரு கண்ணாடி அலமாரி வந்து நின்றது. தொழிலாளர் நூலகம். மேல் இரண்டு தட்டிலும் ஜி.எம். தானே தேர்ந்தெடுத்த புத்தகங்கள். எல்லாம் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்பவை. ஒன்றை எடுத்துப் படித்தேன். வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் அதிகாலை ஐந்து மணிக்கு விழித்திருப்பவர்கள் என்று போட்டிருந்தது. மூன்றாம் ஷிப்டில் நாங்கள் மொத்தப் பேரும் ஐந்து மணிக்கு விழித்துத்தான் இருக்கிறோம். இன்னொன்று, சந்திப்பவர்களைப் பார்த்தெல்லாம் புன்னகை செய்யச் சொன்னது. கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு பிசிறு தேய்க்கிறவன் புன்னகைத்தால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் இரண்டு நாள் செய்து பார்த்தேன். வாய்க்குள் தூசி போனது.

கீழ்த்தட்டுகள் காலியாக இருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பர்சனல் ஆபீசர் மேடம். மதுரைப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் சாப்பாட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து கொலைக் கதையின் அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கத்தி, ஒரு பெண்ணின் கண்.

"கதைப் புத்தகம் படிப்பீங்களாண்ணே?"

தலையாட்டினேன்.

"நல்லதாப் போச்சு. கீழ்த்தட்டுல கதைப் புத்தகம் வைக்கணும்னு ஜி.எம்.கிட்ட நான் மல்லுக்கு நிக்கிறேன். தொழிலாளிங்க கதையெல்லாம் படிக்க மாட்டாங்கன்னு அவரு சொல்றாரு. அடுத்த மீட்டிங்ல யாராச்சும் ஒருத்தர் எந்திரிச்சு, சமீபத்துல படிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசணும். கேக்குறவங்க அந்தப் புத்தகம் வேணும்னு கேட்டா வாங்கலாம்னு ஒத்துக்கிட்டாரு. யாரும் பேசலைன்னா கீழ்த்தட்டுலயும் முன்னேற்றம்தான். நீங்க பேசுறீங்களாண்ணே?"

எனக்கு விக்கல் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

வீட்டில் எழுந்து நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தேன். வணக்கத்தின் நடுவிலேயே விக்கல். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டாவது முறை, மூன்றாவது முறையும் அதே இடம்.

"வண்டி வணக்கத்தத் தாண்ட மாட்டேங்குதே" என்றாள். "தாலி கட்டறப்பவும் இப்படித்தான். எங்க மாமன் முதுகுல ஒண்ணு வச்ச பிறகுதான் முடிச்சே போட்டீங்க. அங்க யாரு வந்து முதுகுல போடுவாங்க?"

"அப்ப என்னதான் பண்றது?"

"உங்களுக்குப் பதிலா யாராச்சும் வாயுள்ளவனா அனுப்புங்க."

வாயுள்ளவன் யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. மறுநாள் பஸ்ஸில் அவனிடம் கேட்டேன்.

"நானா? தமிழ்ல அ எழுத வராது எனக்கு."

"எழுத வேணாம்டா. பேசணும்."

"மைக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்படின்னா பேசறேன். நீ சொன்னதெல்லாம் அப்படியே தலையில இருக்குது."

"எங்க, ஒரு தடவ எனக்குச் சொல்லிக் காட்டு."

"போண்ணா. படம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடி கதையச் சொல்லுவாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

மீட்டிங் அன்று கேன்டீனில் இரண்டு ஷிப்ட் ஆட்களும் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் ஜி.எம்., பக்கத்தில் மேடம். நான் கடைசியில், கை கழுவுகிற குழாய் ஓரமாக நின்றேன். உற்பத்தி, பாதுகாப்பு, கழிப்பறைச் சுத்தம் எல்லாம் பேசி முடித்த பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். அவன் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். நான் சமீபத்துல படிச்ச புஸ்தகம்..."

"நீ படிச்சியா?" என்று ஒரு குரல் வந்தது.

"ஏய், கேளு முதல்ல. காதால படிச்சேன். ஒரு பெரிய வீடு. வீட்டுப் பெரியவரு நாற்காலில ஒக்காந்தவரு ஒக்காந்த மாதிரியே செத்துட்டாரு. கைல காபி டம்ளரு. கொன்னது யாரு?"

கையை நீட்டி முன்வரிசையைக் காட்டினான். விரல் நேராக ஜி.எம்.மிடம் போய் நின்றது. கேன்டீன் சிரித்தது. ஜி.எம். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"துப்பறியறவரு வராரு. வந்ததும் என்னா கேக்கறாரு? காபி கேக்கறாரு! அந்தக் காபிய யாரு போடறாங்க? மருமக போடறா. பாவம், அழுதுகினே போடறா. ஏன்னா மாமியாரு ஒரு ராட்சசி."

குழாயைப் பிடித்துக்கொண்டேன். கொலை வீட்டில் மாமியாரே கிடையாது. அவன் காட்டில் தூங்கி சிப்காட்டில் விழித்தது அத்தனையும் அவன் தலைக்குள் ஒரே கதையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் காபி போட ஒரு ஆள் கிடைத்தது எனக்கே நியாயமாகப் பட்டது.

"மாமியாரோட அட்டிகை காணோம். யாரு எடுத்தா? மருமகதான் எடுத்தா! எடுத்து, பின்னாடி ராகிப் போருக்குள்ள ஒளிச்சு வச்சா. அந்த வீட்டுக்குப் பின்னாடி காடு. காட்டுல என்னா இருக்கும்?"

"யானை!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

"யானை வந்துச்சு. ராகியத் தின்னுச்சு. அட்டிகையும் உள்ள போயிடுச்சு. இப்ப துப்பறியறவரு என்னா பண்ணணும்? யானை பின்னாடியே நடக்கணும். நடக்கறாரு. காபி இல்ல. சாயங்காலம் வரைக்கும் நடக்கறாரு, யானை போடவே இல்ல. மறுநாளும் போடல."

"எதப் போடல?" என்று யாரோ வேண்டுமென்றே கேட்டார்கள்.

"யானை என்னத்தப் போடும்? ஓட்டா போடும்?"

ஜி.எம். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மேடம் மேசையைத் தட்டினார்.

"மூணாவது நாளு போட்டுச்சு. துப்பறியறவரு பெரிய படிப்பு படிச்சவரு. ஆனாலும் குந்தி, குச்சி எடுத்து, கிண்டினாரு. அட்டிகை கிடைச்சுது. அதோட பதக்கத்தத் தொறந்தா, உள்ள விஷப் பொடி ஒட்டிகினு இருக்குது! கொன்னது யாரு?"

மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"அத நான் சொல்லமாட்டேன். படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க. நன்றி, நமஸ்காரம்."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை நான் போனஸ் அறிவித்த நாளில்கூடக் கேட்டதில்லை. "மருமகதான்", "மாமியாதான்டா", "யாருன்னு சொல்லிட்டுப் போடா" என்று ஆளுக்கு ஆள் எழுந்து நின்றார்கள். ஜி.எம்.மே, "யாருப்பா கொன்னது?" என்று கேட்டார். "மன்னிக்கணும் சார்" என்றான் அவன். மேடம் பேனாவைத் திறந்தார்.

"அந்தப் புத்தகத்தை உடனே வாங்கிரலாம். பேரு என்ன?"

அவன் முதல் தடவையாகத் தடுமாறினான். "பேரு வந்து... அது எங்க அண்ணனுக்குத் தெரியும்" என்று சொல்லி, மைக்காலேயே கடைசி வரிசையைக் காட்டினான்.

மொத்தக் கேன்டீனும் திரும்பியது. அத்தனை பேரையும் நான் அதுவரை முதுகுப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு புத்தகம் இல்லை என்று சொன்னால் சிரித்தே அவனை ஓசூரை விட்டுத் துரத்திவிடுவார்கள். கீழ்த்தட்டிலும் முன்னேற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருக்கிறது என்று சொன்னால் பேர் கேட்பார்கள். விக்கல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தது.

"மூ... மூணு புத்தகங்க மேடம்."

"மூணு பாகமா?"

பாகம் என்று சொன்னது அவர்தான், நான் இல்லை.

"மூணையும் படிச்சாத்தாங்க... எல்லாம் வரும்."

விக்கலுக்கு ஒன்றாக மூன்று புத்தகத்தின் பெயரையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவன் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

அடுத்த வாரமே மூன்றும் புதுசாக வந்து கீழ்த்தட்டில் உட்கார்ந்தன. அடித்துப் பிடித்து எடுத்துப் போனார்கள். கொலைக் கதையை முதலில் முடித்தவர் பர்கூர்க்காரர், பிரஸ் மிஷினில் வேலை. நேராக அவனிடம் வந்தார்.

"ஏம்பா, மருமகன் கொன்னான்னு போட்டிருக்குது. யானையே வரல?"

"மீதி ரெண்டயும் படிச்சியா?"

"இல்ல."

"சாம்பாரோட எந்திரிச்சுட்டு ரசம் ஊத்தலன்னு சண்டைக்கு வர்றியே. போய்ப் படி."

குடும்பக் கதையைப் படித்தவர்கள் துப்பறிவாளரைத் தேடினார்கள். காட்டுக் கதையை எடுத்தவர்கள் எடுத்தவுடனேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்கள். எல்லோரையும் அவன் ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்தான்: "சரியாப் படி." தமிழில் அ எழுத வராதவனிடம் படித்தவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு போவதை, நான் முகமூடிக்குள் புன்னகைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றையும் முதலில் முடித்தவர் நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து வெல்டிங் செய்கிறவர். காட்டோரத்தில் பிறந்தவர் என்பதால் யானை விஷயத்தில் அவர் சொல்வதற்கு மதிப்பு இருந்தது. அவர் குறை சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் காட்டுக் கதையில் ஒரு பக்கத்தைத் திறந்து நாலு பேருக்குக் காட்டினார். சூரியன் மறைவதைப் பார்த்தபடி யானை அசையாமல் நிற்கிற இடம்.

"இங்க எதுக்குச் சும்மா நிக்குது? வயிறு சரியில்ல. அட்டிக உள்ள போயிருக்குது. எழுதினவரு நேரா சொல்லமாட்டாரு. நாமதான் புரிஞ்சுக்கணும்."

அன்றிலிருந்து கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது. விஷம் வைத்தது மாமியார் என்று ஒரு மேசை, மருமகள் என்று இன்னொரு மேசை. இருவருமே அந்தக் கொலை வீட்டுப் பக்கம் போனதில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டேன். புதுப் புத்தகங்கள் தைத்த நூல் அறுந்து தாள் தாளாக வர ஆரம்பித்தன.

ஒரு நாள் ஷிப்ட் முடியப்போகிற நேரத்தில் மேடம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அறைக்குள் போனால் மேசைமேல் இரண்டு புத்தகங்கள் இருந்தன. கொலையும் குடும்பமும். பக்கங்களுக்கு இடையில் கிழித்த காகிதத் துண்டுகள் அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தன. கீழ்த்தட்டின் கதை இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"உக்காருங்கண்ணே. மூணையும் படிச்சேன்."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"யானை எந்தப் புத்தகத்துலயும் அட்டிகையை முழுங்கல."

"இல்லைங்க."

"துப்பறியிறவரு காட்டுக்கே போகல."

"போகலைங்க."

"மூணும் ஒரே கதையும் இல்ல."

"ஒரே கதைன்னு நான் சொல்லலைங்க மேடம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"காட்டுப் புத்தகம் இப்ப ஜி.எம். வீட்ல இருக்கு. மத்த ரெண்டையும் முடிச்சுட்டாரு. யானை எந்த அத்தியாயத்துல அட்டிகையை முழுங்குதுன்னு காலைல போன் பண்ணிக் கேட்டாரு. பொறுமையாப் படிங்க சார்னு சொல்லிட்டேன்."

அவரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார்.

"கீழ்த்தட்டு காலியாவே இருக்கு. அவரு முடிக்கிறதுக்குள்ள நாலாவது, அஞ்சாவது பாகமெல்லாம் வந்தாகணும். கையெழுத்து நான் வாங்கிர்றேன். எதெது பாகம்னு சொல்லுங்க."

நான் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் ஒரு ராஜா கதை. அதில் முதல் புத்தகமும் மூன்றாவதும்தான் எனக்குக் கிடைத்திருந்தன, இரண்டாவதை வாழ்நாளில் பார்த்ததில்லை. பிறகு ஒரு பேய்க் கதை. பிறகு, வாடகைக் கடைக்காரர் எனக்கு மட்டும் கொடுக்காமல் ஏதோ வக்கீலுக்கே மாற்றி மாற்றிக் கொடுத்துவந்த ஒன்று. மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே சங்கு ஊதியது. பஸ் கிளம்பிவிடுமே என்று எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க" என்று அவர் கம்பெனி வாசல் காவலாளிக்குப் போன் செய்தார். "உத்தனப்பள்ளி பஸ்ஸக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. ஒருத்தர் வரணும்."

ஜன்னல் வழியாக எங்கள் பஸ் தெரிந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். உள்ளே இருந்தவர்கள் யாருக்காக, எதற்காக என்று சத்தம் போட்டார்கள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அவன் அவர்களை அதட்டுவது இங்குவரை கேட்டது.

"கத்தாதீங்கடா. எங்க அண்ணன் உள்ள பாகம் சொல்லிகினு இருக்காரு."

நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஏழாவது பாகத்தின் பெயரைச் சொன்னேன்.